தேதி போடாத பேனர்

எங்கள் கல்லூரியில் பொங்கல் விழா எப்போதும் லீவு விடுவதற்கு முந்தைய நாள்தான் நடக்கும். காலையில் பானை வைத்து, மதியம் சாப்பாடு முடித்து, உறியடி, கயிறு இழுத்தல் எல்லாம் ஓய்ந்து நாலு மணிக்குள் விடுதி காலியாகிவிடும். ஆளாளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி என்று பஸ் பிடிக்க ஓடுவோம். விழா நடந்த இடம் மறுநாள் காலையில் எப்படிக் கிடக்கும் என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. லீவு முடிந்து திரும்பி வந்தால் மைதானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

2023 ஜனவரியில் நான் இரண்டாம் ஆண்டு வேதியியல். அப்பா மறுநாள் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்ததால் அன்றிரவு விடுதியில் தங்கிவிட்டேன். காலை ஆறரைக்குப் பல் தேய்க்க வெளியே வந்தால் ஒரே புகை. போகிக்கு டயர் கொளுத்துகிறார்கள் போல என்று மெஸ்ஸுக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துப்புரவு வேலை பார்க்கும் அக்காக்கள் இரண்டு பேர் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் குப்பையைத் தள்ளித் தள்ளித் தீயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெர்மாகோல் கரும்பு, தெர்மாகோல் மாடு, காகிதத் தட்டு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், அதற்கடியில் முந்தின நாள் மேடையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ். சிறப்பு விருந்தினர் முகம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது.

"ஏங்கா இதையெல்லாம் எரிக்கிறீங்க, வண்டியில போட்டுவிடலாம்ல?" என்று கேட்டேன்.

"வண்டி பொங்க முடிஞ்சுதான் வரும் பாப்பா. அதுக்குள்ள நாயி இழுத்துப் போட்டா எங்களத்தான் வைவாக. நீங்க போட்டுட்டுப் போயிருவீக."

ஃபிளெக்ஸ் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக். பிவிசியை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், டையாக்சின் வரும், இரண்டும் நச்சு. அந்த செமஸ்டரில்தான் இரண்டு மதிப்பெண் கேள்வியாக எழுதிவிட்டு வந்திருந்தேன். எழுதிய கைக்கும் முந்தின நாள் அந்த ஃபிளெக்ஸைக் கட்டிய கைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்திருக்கிறது.

லீவு முடிந்து வந்ததும் அறைத்தோழிகளிடம் சொன்னேன். ஐந்து பேர் சேர்ந்தோம். பிறகு ஒன்பது பேரானோம். அடுத்த ஒன்றரை வருடத்தில் சிலது நடந்தது, பலது நடக்கவில்லை. இப்போது வேறு கல்லூரிகளில் படிக்கிற தங்கைகள், தம்பிகள் கேட்கிறார்கள், எப்படிச் செய்தீர்கள் என்று. அவர்களுக்காகத்தான் இது.

முதலில் நாங்கள் செய்த கோமாளித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 'நெகிழியை ஒழிப்போம்' என்று எட்டடிக்கு நாலடியில் ஒரு ஃபிளெக்ஸ் அடித்து விடுதி வாசலில் கட்டினோம். ஆமாம், ஃபிளெக்ஸ். கடைக்காரர்கூடச் சிரிக்கவில்லை, அவருக்குப் பழகிப்போயிருக்கும். நூறு பேரை நிற்க வைத்து உறுதிமொழி எடுத்தோம், போட்டோ எடுத்தோம். அது துறையின் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவதாகப் பச்சை, நீலம் என்று குப்பைத்தொட்டிகளுக்கு வண்ணம் அடித்தோம். உண்மையில் எங்கள் கல்லூரியில் தொட்டிகளுக்கு ஏற்கெனவே வண்ணம் இருந்தது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் அடித்தது. வெயிலில் வெளுத்துப்போயிருந்ததை நாங்கள் புதுப்பித்தோம். மாணவிகள் ஓரளவு ஒழுங்காகத்தான் போட்டார்கள். ஒரு நாள் டிராக்டர் பின்னாலேயே போய்ப் பார்த்தால், மூன்று தொட்டியையும் ஒரே டிரெய்லரில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோபம் வந்தது. ஆனால் டிராக்டர் அண்ணனை என்ன சொல்ல? அவருக்கு டிரெய்லர் ஒன்றுதான். தரம் பிரித்த குப்பை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யாமல் தொட்டிக்கு வண்ணம் அடித்தது எங்கள் தப்பு.

அதற்குப் பிறகு தலைகீழாக யோசிக்க ஆரம்பித்தோம். எந்தப் பொருள் கடைசியில் யார் கைக்குப் போகிறது? பழைய பேப்பர் கடைக்காரர் எதை எடுப்பார், எதைத் தொடமாட்டார்? இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் படித்தது எதுவும் உதவவில்லை. அந்த இரண்டு அக்காக்களும், கல்லூரிக்கு எதிரே உள்ள பழைய பேப்பர் கடைக்காரரும், தோட்டக்காரத் தாத்தாவும் ஒரே மதியத்தில் மொத்தத்தையும் சொல்லிவிட்டார்கள். நோட்டு, அட்டைப்பெட்டி, காய்ந்த பாட்டில் எடுப்பார்கள். உள்ளே தண்ணீரோ ஜூஸோ இருந்தால் வேண்டாம். தெர்மாகோலை யாரும் எடுப்பதில்லை, எடையே இல்லாத பொருளுக்கு வண்டி இடம் கட்டுப்படியாகாது. ஃபிளெக்ஸை எடைக்கு வாங்கமாட்டார்கள், ஆனால் கூரைக்கும் வைக்கோல் போருக்கும் மூட யாராவது கேட்டு வாங்கிப்போவார்கள். பேப்பர் கப் பெயருக்குத்தான் பேப்பர். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் கடைக்காரருக்கும் ஆகாது, எருக்குழிக்கும் ஆகாது.

இந்தப் பேப்பர் கப் விஷயம் எங்களுக்கு ரொம்ப உதவியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் உண்டு. துணிப்பை மாதிரி ஏமாற்றும் 'நான்-ஓவன்' பைகளும் அதில் உண்டு. (துணியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். துணியில் நூல் வரும், இது பஞ்சு மாதிரிப் பிய்யும்.) அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளில், நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துகிறவர்களே குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, 'மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்துக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்தோம். அதுவரை 'படிப்பைப் பாருங்கம்மா' என்று சிரித்து அனுப்பிக்கொண்டிருந்த அலுவலகம், அன்றைக்கு உட்கார வைத்துப் பேசியது. இயற்கை, பூமி, வருங்காலச் சந்ததி என்று எழுதியிருந்த பழைய கடிதம் எந்த ஃபைலில் இருக்கிறதோ தெரியாது.

விழாவைத் தொடுவதற்கு முன்னால் மெஸ்ஸில் ஒரு வாரம் செலவழித்தோம். விழா வருடத்துக்கு ஆறு நாள் வரும், மெஸ் தினமும் மூன்று வேளை. காய்கறி நிறுக்கும் தராசை மெஸ் அண்ணனிடம் கேட்டு வாங்கி, தட்டு கழுவும் இடத்தில் எச்சில் டிரம்மை நிறுத்தி, ஐந்து நாள் நிறுத்துப் பார்த்தோம். சுமார் நானூறு பேர் சாப்பிடும் விடுதியில் ஒரு மதியத்துக்கு முப்பது கிலோவுக்கு மேல் போனது. எதைக் கொட்டுகிறார்கள் என்று பார்த்தால் அதிலும் ஆச்சரியம். நாங்கள் உப்புமாதான் என்று பந்தயம் கட்டியிருந்தோம். அது இல்லை, வெறும் சோறு. பரிமாறுகிற அண்ணன் முதல் கரண்டியே மலை மாதிரி வைப்பார். 'பத்தாட்டி மறுபடி வரணும்ல, லைன்ல நிக்கணும்ல' என்பது அவர் நியாயம். பிள்ளை பசியோடு போய்விடக் கூடாது என்பதும் அதில் இருந்தது.

'உணவை வீணாக்காதீர்' என்று சுவரில் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கரண்டியை மாற்றினோம். சிறிய கரண்டி வைத்து, இரண்டாவது முறை சோறு வாங்குகிறவர்களுக்குத் தனி வரிசை. வரிசை தனியாக ஆனதும் முதல் தடவை கொஞ்சமாக வாங்குவதற்கு யாரும் பயப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து நிறுத்தபோது பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அதற்கு மேல் இறங்கவில்லை, செவ்வாய்க்கிழமை பீட்ரூட் பொரியலை எந்தக் கரண்டியாலும் காப்பாற்ற முடியவில்லை.

எருக்குழி ஆரம்பத்தில் பெரிய அவமானமாகப் போனது. மெஸ் பின்பக்கம் செங்கல் அடுக்கி, காய்கறித் தோலும் மீந்த சோறும் சாம்பாரும் சேர்த்துக் கொட்டினோம். பத்தாம் நாள் நாற்றம் முதல் மாடி வரை வந்தது. புழு நெளிந்தது. வார்டன் மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சுற்றுச்சூழலைக் காப்பாத்துறேன்னு இருக்கிற சூழலையும் கெடுக்குறீங்களே" என்றார். மூட வேண்டிய நிலைமை.

காப்பாற்றியது தோட்டக்காரத் தாத்தாதான். வந்து ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "ஈரமா மட்டும் போட்டா அழுகும், காஞ்சதும் போட்டாத்தான் மக்கும்" என்றார். அவர் தினமும் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்த வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் பத்தடி தள்ளித்தான் குவிந்து கிடந்தது. ஒரு கூடை காய்கறித் தோலுக்கு இரண்டு, மூன்று கூடை சருகு. இடையில் கொஞ்சம் சாணிக் கரைசல். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியணும், தண்ணீர் ஒழுகக் கூடாது. பத்து நாளைக்கு ஒரு தடவை புரட்டிவிடணும். சமைத்த சாப்பாட்டை உள்ளே விடவே கூடாது. எச்சில் சோற்றுக்குப் பன்றி வளர்க்கிற அண்ணன் ஒருவர் மொபெட்டில் டிரம் கட்டிக்கொண்டு ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தார். நாங்கள் குழி தோண்டி அவர் பிழைப்பில் குறுக்கே போயிருந்தோம். சருகு எரிப்பதும் இதோடு நின்றது. மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை வாசத்தோடு முதல் எரு வந்தது. மழைக்காலத்தில் மேலே எதையாவது போட்டு மூடாவிட்டால் மறுபடி அழுகிவிடும் என்று தாத்தா சொல்லியிருந்தார். மூடுவதற்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் கிழிந்த உரச்சாக்குகளைத் தைத்துப் போட்டோம்.

இதற்குள் 2024 பொங்கல் வந்துவிட்டது. இந்த முறை விழாக் கமிட்டியில் நாங்கள் இருந்தோம். பூஜைக்கும் ஆட்டத்துக்கும் ஆள் நிறைய இருந்தார்கள், சாமான் வாங்கும் பொறுப்பைத்தான் கேட்டு வாங்கினோம். எது குப்பையாகும் என்பது பட்டியல் எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. விழா நாளன்று ஓடிப்போய்த் தொட்டி வைப்பதெல்லாம் சும்மா.

தட்டு, டம்ளர்தான் பெரிய சண்டை. முதல் யோசனை பாக்குமட்டைத் தட்டு. விலை கேட்டதும் பொருளாளர் அக்கா கணக்கு நோட்டை மூடிவிட்டார். வாழையிலையோ, சோழவந்தான் பக்கத்திலிருந்து கட்டாக வரும், ஆனால் பொங்கல் சமயத்தில் விலை ஏறி நிற்கும், தொள்ளாயிரம் பேருக்கு உட்கார வைத்துப் பரிமாறப் பந்தி இடமும் இல்லை. கடைசியில் மூன்றாகப் பிரித்தோம். விடுதி மாணவிகள் அவரவர் எவர்சில்வர் தட்டு, டம்ளர் கொண்டு வரணும். தினம் வந்து போகிறவர்கள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ். ஆசிரியர்களுக்கும் விருந்தினருக்கும் மட்டும் வாழையிலை.

தட்டு கொண்டு வராதவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். நூற்றுக்கு இருபது பேர் மறப்பார்கள். அவர்களுக்காகச் சாமான் வாடகைக் கடையில் இருநூறு தட்டும் முந்நூறு டம்ளரும் எடுத்தோம். கல்யாண வீட்டுக்கு அண்டா, குண்டா கொடுக்கிற அதே கடைதான். எண்ணிக் கொடுப்பார்கள், எண்ணி வாங்குவார்கள், குறைந்தால் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்குப் பதினோரு டம்ளர் குறைந்தது. அது எங்கே போயிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், விடுதி அறைகளில் பேனா ஸ்டாண்டாக இருக்கும். டம்ளருக்குக் காசு கட்டிய பிறகும் மொத்தச் செலவு முந்தின வருடக் காகிதத் தட்டு, கப், பாட்டில் செலவை விடக் குறைவாகத்தான் வந்தது. அதில் பெரும்பங்கு பாட்டில் தண்ணீர். இருநூறு மில்லி பாட்டில்களை ஒரு கடை விளம்பரத்துக்காக இலவசமாகத் தருகிறேன் என்றது, வேண்டாம் என்று சொல்ல ஒரு மாலை முழுக்க வாதாட வேண்டியிருந்தது. 'ஓசியில வர்றத விடுவாங்களா' என்று எங்கள் பெண்களே கேட்டார்கள். மண்பானையில் வெட்டிவேர் போட்டுத் தண்ணீர் வைத்தோம். பொங்கப் பானையும் இதுவும் மானாமதுரையிலிருந்து வந்தவை. ஜனவரிக் குளிரில் பானைத் தண்ணீர் தேவையா என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இப்போது சொல்லப்போவதைத்தான் மற்ற கல்லூரிக்காரர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. இத்தனை தட்டையும் டம்ளரையும் யார் கழுவுவது?

காகிதத் தட்டு இருந்தபோது அக்காக்களுக்கு எரிக்கிற வேலை. எவர்சில்வர் வந்தால் கழுவுகிற வேலை. பூமிக்கு நல்லது செய்கிறோம் என்று நாங்கள் பேர் வாங்கிக்கொள்ள, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் குனிந்து ஐந்நூறு சாமான் தேய்ப்பது யார் முதுகு? இதை நாங்களாக யோசிக்கவில்லை. திட்டத்தை அக்காவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, "நல்லதுதேன் பாப்பா. நாங்க எத்தன மணிக்குப் போவோம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு திட்டத்தை மாற்றினோம். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், அதற்கு நாலு இடத்தில் குழாயும் சாம்பல், சீயக்காய்த் தூள் கிண்ணமும். வாடகைச் சாமானுக்குக் கூலிக்கு இரண்டு பேரை வெளியிலிருந்து வைத்தோம், அந்தப் பணம் பட்ஜெட்டில் தனி வரியாக ஏறியது. கமிட்டிப் பெண்கள் பத்து பேர் விழா முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஊருக்குக் கிளம்புவது என்றும் எழுதி வைத்தோம். பத்தில் ஆறு பேர் நின்றார்கள். உங்கள் கல்லூரியில் இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால், முதல் கூட்டத்துக்கே துப்புரவு அக்காக்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நின்றுகொண்டு கேட்க விடாதீர்கள், நாற்காலி போடுங்கள். நாங்கள் மூன்றாவது கூட்டத்தில்தான் கூப்பிட்டோம்.

அலங்காரம் எளிதாக முடிந்தது. மேடைக்குப் பின்னால் தெர்மாகோல் குடிசைக்குப் பதிலாக, ஆசிரியர்களிடமும் சமையல் அக்காக்களிடமும் பழைய சுங்குடிச் சேலைகளை ஒரு நாள் இரவல் வாங்கி வரிசையாகத் தொங்கவிட்டோம். சின்னாளப்பட்டிச் சேலைகளின் அரக்கும் பச்சையும் மஞ்சளும் சேர்ந்து, எந்தத் தெர்மாகோல் மாடும் தர முடியாத களை. ஒவ்வொரு சேலையிலும் பேர் எழுதித் துண்டுச்சீட்டைக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் குத்தவில்லை. தமிழ்த்துறை அம்மாவின் சேலை வணிகவியல் அம்மாவிடம் போய், ஒரு வாரம் சமாதானம் பேசினோம். குருத்தோலைத் தோரணத்தில் எனக்கு மனக்குறை உண்டு. தென்னங்குருத்தை வெட்டினால் மரத்துக்குக் கேடு என்று தாத்தா முகம் சுளித்தார். முற்றின ஓலையும் மாவிலையும் மட்டும் போதும் என்று வாசலோடு நிறுத்திக்கொண்டோம். கரும்பு, மஞ்சள் கொத்தெல்லாம் மாலையில் ஏலம் விட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். கோலத்துக்குக் கலர்ப்பொடியை விட மனமில்லை, விடவும் இல்லை.

பேனர்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஊரில் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை போய், பைக் நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தார். காடாத் துணியில் 'பொங்கல் விழா' என்று எழுதித் தரச் சொன்னோம். "எந்த வருஷம் போடணும்?" என்றார். அந்த நொடியில்தான் தோன்றியது, வருடம் போட்டால் அடுத்த வருடம் குப்பை. தேதி வேண்டாம், எத்தனையாவது ஆண்டு விழா என்பதும் வேண்டாம், விருந்தினர் பேரும் வேண்டாம் என்றோம். தேதி இல்லாமல் ஒரு பேனர் எழுதியதே இல்லை என்று சொல்லிக்கொண்டே எழுதினார். விலை ஃபிளெக்ஸைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். மூன்றாம் வருடத்திலேயே சரிக்குச் சரி ஆகிவிடும். விருந்தினர் பேர், தேதி எல்லாம் வாசலில் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் எழுதினோம், நுண்கலைப் பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து ஏறுதழுவுதல் வரைந்திருந்தார்கள். விருந்தினர் அதன் முன்னால் நின்று நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டார். பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டு போட்டோம். வீட்டில் உபயோகப்படும் என்று அவரே சொன்னார்.

தோற்ற கதைகளையும் சொல்ல வேண்டும். வழியனுப்பு விழாவில் நாங்கள் ஒன்றுமே செய்ய முடியவில்லை. பலூன், நுரை ஸ்பிரே, ஜிகினா வெடி எல்லாம் வந்தது. அன்றைக்கு அழுதுகொண்டே முகத்தில் கேக் பூசிக்கொள்கிறவர்களிடம் போய் மறுசுழற்சி பற்றிப் பேச யாருக்குத் தைரியம்? அதை விட, துறைக்கு ஒரு நிறம் என்று ஒரே மாதிரிச் சேலை எடுத்தார்கள், ஒரு வகுப்புக்கு அறுபது சேலை. ஒரு நாள் கட்டுவதற்கு. தட்டு, டம்ளரை எல்லாம் கூட்டினாலும் இந்தச் சேலைகளின் பக்கத்தில் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம். சில பெண்களுக்கு அந்த எழுநூறு ரூபாய் வீட்டில் கேட்கவே கஷ்டம். அம்மா சேலை கட்டி வரலாம் என்று நாங்கள் சொன்னோம். ஒன்பது பேரில் நாலு பேர் மட்டும் அப்படி வந்தோம், குரூப் போட்டோவில் ஓரமாக நிற்க வைத்தார்கள். அந்தப் போட்டோவை இப்போது பார்த்தால், நான் கட்டியிருக்கும் அம்மாவின் மாம்பழக் கலர் சேலைதான் கண்ணுக்கு முதலில் படுகிறது. அது பொறாமைக்காரி பேச்சு என்று அறைத்தோழி சொல்வாள்.

மரம் நடுவது இன்னொன்று. வருடாவருடம் ஜூன் 5 அன்று விருந்தினர் வந்து கன்று நடுவார். மதுரைப் பக்கத்து ஜூன் வெயிலில், கல்லூரி திறந்தும் திறக்காத நாளில், யார் தண்ணீர் ஊற்றுவது? போன வருடக் கன்று பட்டுப்போன அதே குழியில் இந்த வருடக் கன்று போகும். குழி தோண்டும் செலவு மிச்சம் என்று தாத்தா கேலி செய்வார். நமக்கு மழை ஐப்பசியில்தான். நாங்கள் அக்டோபர் இரண்டாம் வாரம் பதினைந்து கன்று மட்டும் நட்டோம், வேம்பும் புங்கனும் நாவலும். ஆளுக்கு ஒன்று என்று பேர் மாட்டவில்லை, பேர் மாட்டினால் படித்து முடித்துப் போனதும் அநாதையாகிவிடும். குடிநீர் வடிகட்டியிலிருந்து வீணாக ஓடும் தண்ணீரைக் குழாய் போட்டு அந்த வரிசைக்கு விடலாம் என்று நினைத்தோம். அதில் உப்பு அதிகம், இளங்கன்றுக்கு ஆகாது என்று தாவரவியல் அம்மா தடுத்தார். அந்தத் தண்ணீர் இப்போது கழிவறை கழுவப் போகிறது. கன்றுகளுக்குக் கை கழுவுகிற இடத்துத் தண்ணீர். மே மாத விடுமுறையில் தாத்தாவுக்கு ஒரு சின்னத் தொகை கொடுத்து ஊற்றச் சொன்னோம். பதினைந்தில் பதினொன்று நின்றது. இரண்டை ஆடு மேய்ந்தது, இரண்டு ஏன் போனதென்று தெரியவில்லை.

பணத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். போகிக்கு முந்தைய வாரம் விடுதி முழுக்கப் பழைய நோட்டு, ரெக்கார்ட், கைடு எல்லாம் வசூல் செய்தோம். எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்துக் குறிப்பேடாக்கினோம், மீதியைப் பேப்பர் கடையில் எடைக்குப் போட்டோம். கூலி ஆட்களுக்கான பணம் முழுக்க அதிலிருந்து வந்தது. ரெக்கார்ட் நோட்டின் தடி அட்டைக்குத் தனி விலை, உள்தாளுக்குத் தனி விலை என்பதால் பிரித்துக் கொடுத்தால் நாலு காசு கூட நிற்கும்.

2024இல் படிப்பு முடிந்து வெளியே வந்துவிட்டேன். அடுத்த பொங்கலுக்கு ஜூனியர் ஒருத்தி போட்டோ அனுப்பியிருந்தாள். மேடையில் எங்கள் காடாத் துணிப் பேனர். இடது மூலையில் மஞ்சள் கறை, 'விழா'வில் ழகரத்துக்குப் பக்கத்தில் எலி கடித்த ஓட்டை, அதற்கு மேல் சுங்குடித் துண்டு ஒன்றைப் பூ மாதிரி வெட்டித் தைத்திருந்தார்கள். சந்தோஷமாகப் பெரிதாக்கிப் பார்த்தால், மேடைக்கு வலப்பக்கம் பளபளவென்று புத்தம்புது ஃபிளெக்ஸ் ஒன்று. புதிய விருந்தினரின் முகம், கைகூப்பியபடி, ஆளை விடப் பெரிதாக.

"இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அவங்க ஆளுகளே அடிச்சுக் கொண்டுவந்து கட்டிட்டாங்கக்கா. முதல்வர் அம்மாவால ஒண்ணும் சொல்ல முடியல."

"முடிஞ்சதும் எரிச்சாங்களா?"

"இல்லக்கா. மெஸ் அக்கா கேட்டு வாங்கிட்டாங்க. எருக்குழிக்கு மேல போட்டிருக்கோம், இந்த மழைக்குச் சொட்டுத் தண்ணி உள்ள எறங்கல. மூஞ்சி தெரிஞ்சா மரியாதையா இருக்காதுன்னு கவுத்துப் போட்டிருக்கோம்."